பணப்பைக்கு ஒரு பூட்டு!

திண்டுக்கல் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பூட்டு.

இந்த ஊர்ப் பூட்டுக்குப் பெரிய பெயர். கையாலேயே அராவி, கையாலேயே பொருத்திச் செய்த பூட்டு. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "இது இந்த ஊர்ச் சரக்கு" என்று சர்க்காரே முத்திரை போட்டுக் கொடுத்தது.

வீட்டுக்குப் பூட்டு இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. ஆனால் நம்முடைய பணம் திருடன் கையால் மட்டுமா போகிறது?

நாமே எண்ணிக் கொடுக்கிறோமே, அந்த வழியாகவும் போகிறது. கடைச் சீட்டில் ஓர் எண் தப்பாக விழுந்தால் போகிறது. கடன் சீட்டில் உள்ள வட்டி புரியாவிட்டால் போகிறது. இப்படிப் போகிற பணத்துக்குப் போலீசில் புகார் கொடுக்க முடியாது. போனது தெரிந்தால்தானே புகார்!

இதற்கு என்ன பூட்டு?

இதற்கும் ஒரு பூட்டு உண்டு. அதற்கு விலை கிடையாது. துருப்பிடிக்காது. படித்தவர், படிக்காதவர், பெரியவர், சிறுவர் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம். அதன் பெயர்: உத்தேசக் கணக்கு!

உத்தேசம் என்றால் குருட்டு யோசனை அல்ல. "விடை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே மனதில் ஒரு வேலி போடுவது. வேலிக்கு வெளியே ஆடு நின்றால் உடனே தெரிந்துவிடும் அல்லவா? அதுபோல, வேலிக்கு வெளியே விடை நின்றால், "எங்கேயோ தப்பு இருக்கிறது" என்று தெரிந்துவிடும்.

மார்க்கெட்டில் பாருங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தக் கணக்கு காலையில் இருந்து இரவு வரை நடக்கிறது.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. அங்கே ஒரு வியாபாரி 40 மூட்டை சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ. கிலோ 27 ரூபாய். மொத்தம் எவ்வளவு?

அவர் பென்சிலைத் தேடமாட்டார். "நாற்பது மூட்டை, இரண்டாயிரம் கிலோ. இருபத்தைந்து ரூபாய் என்றால் ஐம்பதாயிரம். இன்னும் இரண்டு ரூபாய்க்கு நாலாயிரம். ஆக ஐம்பத்து நாலாயிரம்!" இதைச் சொல்ல அவருக்கு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை. அனுபவம் உள்ள வியாபாரி ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பார். தூக்கிப் பார்ப்பார். "இத்தனை கிலோ கறி தேறும்" என்று சொல்லுவார். அதுவும் உத்தேசக் கணக்குதான். அந்த உத்தேசம் தப்பினால் அவருக்கு அன்றைக்கு நஷ்டம். அதனால் அவருடைய கையும் கண்ணுமே தராசாகிவிட்டன.

விற்பவருக்கு இந்தக் கணக்குத் தெரியும். வாங்குகிற நமக்கும் தெரிய வேண்டாமா?

கடைச் சீட்டுக்கு வேலி

ஓர் அம்மாள் காய்கறி வாங்குகிறார். தக்காளி கிலோ 38 ரூபாய், இரண்டு கிலோ. வெங்காயம் ஒரு கிலோ 47 ரூபாய். கத்தரிக்காய் கிலோ 60, அரைக் கிலோ. முருங்கைக்காய் கிலோ 80, கால் கிலோ.

கடைக்காரர் கூட்டிவிட்டு, "213 ரூபாய் கொடுங்கம்மா" என்கிறார்.

அம்மாள் மனதுக்குள் இப்படிப் போடுகிறார்: தக்காளி 38-ஐ 40 என்று வைத்தால் இரண்டு கிலோ 80. வெங்காயம் 50. கத்தரிக்காய் 30. முருங்கை 20. ஆக 180. நாம் விலையைக் கூட்டித்தான் வைத்தோம். ஆகவே உண்மைத் தொகை 180-க்குக் குறைவாகவே இருக்க வேண்டும். 213 எப்படி வரும்?

"அண்ணே, இன்னொரு தடவை கூட்டிப் பாருங்க."

"அட, ஆமாம்மா! 173-தான். ஒரு நாற்பது கூட விழுந்துருச்சு."

சண்டை இல்லை. சத்தம் இல்லை. கடைக்காரர் வேண்டும் என்றே செய்தார் என்றும் இல்லை. கூட்டமான நேரத்தில் யாருக்கும் கை தவறும். அந்த 40 ரூபாயைக் காப்பாற்றியது அம்மாளின் உத்தேசக் கணக்கு.

இதில் உள்ள சூட்சுமம் ஒன்றுதான். முரட்டு எண்ணைப் பக்கத்தில் இருக்கும் முழு எண்ணாக ஆக்குங்கள். 38-ஐ 40 ஆக்குங்கள். 47-ஐ 50 ஆக்குங்கள். 102-ஐ 100 ஆக்குங்கள். கூட்டி வைத்தோமா, குறைத்து வைத்தோமா என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதுதான் வேலி.

பாதியில் பாதி

எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் கணக்கு தானாகவே ஓடும்.

ஒரு கிலோ பருப்பு 160 ரூபாய். அரைக் கிலோ 80. கால் கிலோ 40. அதிலும் பாதி, 125 கிராம், 20. ஒவ்வொரு தடவையும் பாதி, பாதியில் பாதி. அவ்வளவுதான்!

100 கிராம் வேண்டுமா? கிலோவில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள்: 16 ரூபாய். 350 கிராம் வேண்டுமா? மூன்று பதினாறு 48. மீதி 50 கிராமுக்கு 8. ஆக 56.

99 ரூபாய்ப் பொருள் ஆறு வாங்குகிறீர்கள். ஆறு நூறு, அறுநூறு. அதில் ஆறு குறைத்தால் 594. பெருக்கவே தேவை இல்லை.

பாதியில் பாதி பிரிப்பது நம்முடைய பாட்டன், பூட்டன் காலத்துக் கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா. 1957 ஏப்ரல் 1-ந் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியது. அணா போய்விட்டது. ஆனால் "நாலணா" என்ற வார்த்தையைப் பெரியவர்கள் வாயில் இன்றும் கேட்கலாம்.

பலாப்பழத்தில் எத்தனை சுளை?

அதற்கும் முந்திய காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பிள்ளைகள் எண்சுவடியைப் பாட்டுப் போலச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. ஐந்து மா சேர்ந்தால் கால். இவ்வளவு சிறிய பங்கும் அந்தப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் இருந்தது.

காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய நூல் ஒன்று உண்டு. கணக்கைச் செய்யுளாகவே சொல்லும் நூல். அதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே அதற்குள் எத்தனை சுளை என்று சொல்ல வேண்டும்!

வழி இதுதான். காம்பைச் சுற்றி இருக்கும் சிறு முள்ளை எண்ண வேண்டும். அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால், ஆறால் பெருக்க 600. ஐந்தால் வகுக்க 120. ஆக, சுமார் 120 சுளை.

ஒவ்வொரு பழத்துக்கும் இது அச்சுப் பிசகாமல் வரும் என்று சொல்ல முடியாது. பழம் கணக்குப் படித்தா காய்க்கிறது? ஆனால் இதில் உள்ள எண்ணத்தைப் பாருங்கள். வெளியே தெரிவதை எண்ணி, உள்ளே தெரியாததை உத்தேசிப்பது! இனி பலாப்பழம் வாங்கினால், முள்ளை எண்ணிவிட்டு வெட்டுங்கள். பிள்ளைகளைச் சுளை எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும்.

ஆனால் அந்தப் பழைய காலத்தைப் பற்றி இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட முடியவில்லை. தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இல்லை. பெண்களிலும் மிகச் சிலரே படித்தார்கள். களத்தில் நெல்லை அளந்தவர் கணக்குத் தெரிந்தவர். கூலியாக அதை மடியில் வாங்கியவர் கணக்குப் படிக்காதவர். பழைய தமிழ்க் கணக்கையும், அதைப் பயன்படுத்திய சமூகத்தையும் ஆராய்ந்து புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு 2022-இல் ஓர் ஆங்கிலப் புத்தகமே வெளியிட்டு இருக்கிறார்.

கணக்கு ஒரு பலம். அது ஒருவர் கையில் மட்டும் இருந்தால் மற்றவருக்கு நஷ்டம். எல்லார் கையிலும் இருந்தால் நியாயம். இதை நாம் மறக்கக் கூடாது.

தெருவில் பாஸ்! தாளில் பெயில்!

பிரேசில் நாட்டில் ரெசிபே என்று ஒரு நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் சிறுவர்களை மூன்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முடிவை 1985-இல் வெளியிட்டார்கள்.

சாதாரண வாடிக்கைக்காரர் போலப் போய், "பத்துத் தேங்காய் என்ன விலை?" என்று கேட்டார்கள். ஒரு தேங்காய் 35. பையன் என்ன செய்தான் தெரியுமா? மூன்று தேங்காய் 105. இன்னும் மூன்று சேர்த்தால் 210. இப்படியே சேர்த்துக்கொண்டு போய் 350 என்று சரியாகச் சொல்லிவிட்டான்!

தெருவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. பிறகு அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37-தான் சரி!

அது எங்கேயோ பிரேசில் என்று விட்டுவிட முடியாது. நம் நாட்டிலும் இதே கதைதான். கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கு மேற்பட்ட சிறுவர்களைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2025-இல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்ளோவும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சந்தையில் சிக்கலான கணக்கை மனதிலேயே போட்ட சிறுவர்கள், பள்ளிக்கூடத்துக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ, சந்தைக் கணக்கில் திணறினார்கள்!

சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. இதுதான் இதற்குப் பொருள். அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும். பிள்ளைகள் சந்தையில் உழைக்க வேண்டும் என்பதல்ல. சந்தைக் கணக்கு பள்ளிக்கூடத்துக்குள் வர வேண்டும்.

பானை அடுக்கும் ஏணிக் கணக்கும்

இப்போது ஒரு விளையாட்டு.

பானைக் கடையில் பானையை அடுக்கி இருக்கிறார்கள். அடி வரிசையில் 10. அதற்கு மேல் 9. அதற்கு மேல் 8. இப்படியே போய் உச்சியில் ஒன்று. மொத்தம் எத்தனை?

ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். அடியில் உள்ள 10-உம் உச்சியில் உள்ள 1-உம் சேர்ந்தால் 11. ஒன்பதும் இரண்டும் 11. எட்டும் மூன்றும் 11. ஏழும் நாலும் 11. ஆறும் ஐந்தும் 11. ஆக ஐந்து பதினொன்று: 55!

ஒன்றில் இருந்து நூறு வரை கூட்டவும் இதே வழிதான். 50 ஜோடி, ஜோடிக்கு 101. விடை 5,050. ஜெர்மனி தேசத்துக் கணித மேதை காஸ், சின்னப் பையனாக இருந்தபோது வகுப்பில் இதை நொடியில் போட்டு வாத்தியாரைத் திகைக்க வைத்தார் என்று ஒரு கதை சொல்லுவார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எண்கள் ஏணிப்படி போல ஒரே சீராக இறங்கினால், சராசரி என்பது உச்சிக்கும் அடிக்கும் நடுவில்தான் இருக்கும். பத்தில் இருந்து ஒன்று வரை இறங்கினால் சராசரி ஐந்தரை. அதாவது, ஏறக்குறையப் பாதி.

இதற்கு ஏணிக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளுவோம். "விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இதனால் வீட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறீர்களா? இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

தண்டல் கடனின் உண்மை வட்டி

நூறு நாள் தண்டல் என்பது பலருக்கும் தெரிந்த கடன். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்பார்கள். ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

வாங்குகிறவர் என்ன நினைக்கிறார்? "மூன்று மாதத்துக்கு மேல் பணம் நம்மிடம் இருக்கிறது. வட்டி ஆயிரம்தானே! பத்தாயிரத்துக்கு மாதம் முந்நூறு. நூற்றுக்கு மூன்று வட்டி. பரவாயில்லை!"

இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்து இருக்கிறது. பணம் நூறு நாளும் முழுதாக உங்களிடம் இல்லை! முதல் நாளே 100 ரூபாய் திரும்பிப் போகிறது. ஐம்பதாவது நாளில் ஏறக்குறையப் பாதிக் கடன்தான் நிற்கிறது. கடைசி நாளில் ஒன்றும் இல்லை.

ஏணிக் கணக்கைப் போடுங்கள். கடன் 9,000-இல் தொடங்கிச் சீராக இறங்கிப் பூஜ்யத்துக்கு வருகிறது. சராசரி பாதி: 4,500. ஆகவே, நீங்கள் உண்மையில் அனுபவித்தது 4,500 ரூபாயைத்தான். அதற்கு நூறு நாளில் கொடுத்த வட்டி 1,000.

4,500-க்கு 1,000 என்றால் நூற்றுக்கு எவ்வளவு? சுமார் 22. இது நூறு நாளுக்கு. மாதத்துக்குச் சுமார் ஆறரை. வருடத்துக்குப் பார்த்தால், சுமார் 80!

மூன்று வட்டி என்று நினைத்து வாங்கிய கடன், ஆறரை வட்டிக் கடனாக இருக்கிறது! இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டுமா? பானை அடுக்கு போதும்.

தமிழ்நாட்டில் அதிக வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. மீறினால் ஜெயில் தண்டனை உண்டு. அப்படியும் 2017 அக்டோபரில் திருநெல்வேலியில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளோடு, உயிர் இழந்தது. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டார்கள்.

கணக்குத் தெரிந்துவிட்டால் கடனே வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. அவசரத்துக்குக் கைகொடுக்க வேறு ஆள் இல்லாததால்தான் ஏழை தண்டல்காரரிடம் போகிறார். அவர் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை வட்டி தெரிந்தால், அதைக் கூட்டுறவுச் சங்கத்து வட்டியோடும் மகளிர் குழு வட்டியோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறு வழியைத் தேட ஒரு வேகம் பிறக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும், கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம்.

"பிளாட்" வட்டி என்றால்?

தண்டல் மட்டும் அல்ல. மாதத் தவணைக் கடனிலும் இந்தக் கணக்கு உண்டு.

12,000 ரூபாய் கடன். வருடத்துக்கு 12 சதவீதம் "பிளாட்" வட்டி. வட்டி 1,440 ரூபாய். அசலும் வட்டியும் சேர்த்து மாதம் 1,120 ரூபாய் வீதம் 12 தவணை.

கேட்டால் நூற்றுக்கு 12-தான். ஆனால் கடன் மாதா மாதம் இறங்குகிறது. 12,000, 11,000, 10,000 என்று கடைசி மாதம் 1,000. இதுவும் ஏணிதான். சராசரி 6,500. 6,500-க்கு வருடத்தில் 1,440 வட்டி என்றால், நூற்றுக்குச் சுமார் 22!

ஆகவே ஒரு சூத்திரம் மனதில் இருக்கட்டும். தவணைக் கடனில் "பிளாட்" வட்டி என்றால், சொல்லுகிற வட்டி ஒன்று. உண்மை வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ரிசர்வ் வங்கி இப்போது ஓர் ஒழுங்கு செய்து இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனி நபருக்குத் தவணைக் கடன் கொடுக்கும்போது முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

72 என்னும் மந்திர எண்

கடன் எப்போது இரட்டிப்பாகும்? இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 1494-ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் பாசியோலி என்பவர் தம் புத்தகத்தில் இதைச் சொல்லி இருக்கிறார்.

72-ஐ வட்டியால் வகுத்தால் போதும். நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி. கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால், 72-ஐ இரண்டால் வகுக்க 36. அதாவது 36 மாதத்தில் கடன் இரட்டிப்பு! மூன்று வட்டி என்றால் 24 மாதம். ஆறு வட்டி என்றால் பன்னிரண்டே மாதம்!

இதே கணக்கு சேமிப்புக்கும் பொருந்தும். வருடத்துக்கு 6 சதவீதம் வட்டி கிடைத்தால், போட்ட பணம் 12 வருடத்தில் இரட்டிப்பாகும். யாராவது வந்து, "ஆறே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம்" என்றால் என்ன அர்த்தம்? 72-ஐ ஆறால் வகுங்கள். மாதத்துக்கு 12 வட்டி! எந்த நியாயமான தொழிலில் மாதா மாதம் அவ்வளவு வரும்? கேள்வி கேட்கும்போதே விடை தெரிந்துவிடும். ஓடி வந்துவிடுங்கள்.

எங்கே உத்தேசம் கூடாது?

உத்தேசம் காவல்காரன். அவனை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் உத்தேசம் கூடாது. டாக்டர் சொன்ன அளவேதான். நிலத்தின் அளவில் உத்தேசம் கூடாது. பத்திரத்தில் உத்தேசம் கூடாது. அங்கெல்லாம் சரியான அளவு வேண்டும்.

ஆனால் அங்கேயும், கணக்கு வந்தபிறகு, "இது நியாயமாகத் தெரிகிறதா?" என்று பார்க்க உத்தேசம் உதவும். செல்போனில் பணம் அனுப்புகிறோம். 150 அனுப்ப வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் 1,500! யந்திரம் எண்ணைத்தான் பார்க்கும். நம் மனதைப் பார்க்காது. பித்தானை அமுக்குமுன் ஒரு விநாடி நின்று பாருங்கள். எலெக்ட்ரானிக் தராசில் சரக்கு வைக்குமுன், பூஜ்யம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடமும் வீடும்

திண்டுக்கல்லுக்கு அருகே, சின்னாளப்பட்டிப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அதைத் தொடங்கினார்கள். காந்தியடிகள் சொன்ன ஆதாரக் கல்வியில் ஒரு பெரிய கருத்து உண்டு. பிள்ளை கையால் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையில் இருந்தே கணக்கு பிறக்க வேண்டும் என்பது அது. நூற்ற நூலை அளக்கும்போதே பெருக்கலும் வகுத்தலும் வந்துவிடும்.

அந்தக் கருத்து பழசாகிவிடவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கு வர வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அதே 2022-இல் பெரியவர்களுக்காகத் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், எழுத்தோடு எண்ணும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

வாத்தியார்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். கணக்கைப் போடச் சொல்லுமுன், "உத்தேசமாக எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். நல்ல உத்தேசத்துக்கும் ஒரு மார்க் கொடுங்கள். கடைச் சீட்டு, கரண்டு பில், பஸ் டிக்கெட், கடன் சீட்டு இவற்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். முதியோர் வகுப்பில் தண்டல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு கணக்கு, பத்துப் பாடத்துக்குச் சமம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஒரு டம்ளரில் புளியங்கொட்டையைப் போட்டு, "எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு கைப்பிடியை எடுத்து எண்ணச் சொல்லுங்கள். எத்தனை கைப்பிடி என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைக்குப் போகுமுன், "இன்றைக்கு எவ்வளவு ஆகும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். எவ்வளவு பக்கத்தில் வந்தான் என்று பாருங்கள். நாலு வாரத்தில் அவனே உங்களுக்குக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவான். பெண் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு வீட்டின் பணப்பை அவள் கையில் இருக்கும்.

மகளிர் குழுவில் இருக்கும் சகோதரிகள் அடுத்த கூட்டத்தில் ஒரு கடன் சீட்டை நடுவில் வையுங்கள். முதல் மாதம் எவ்வளவு கடன், கடைசி மாதம் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, மொத்த வட்டி எவ்வளவு என்று நாலு கேள்வி கேளுங்கள். உண்மை வட்டி தானாக வெளியே வந்துவிடும்.

திண்டுக்கல் பூட்டை வாங்கினால் சாவியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சாவி தொலைந்தால் திண்டாட்டம். உத்தேசக் கணக்கு என்னும் பூட்டுக்கு அந்தப் பயமே இல்லை. சாவி உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. யாராலும் திருட முடியாது.

ஒரே ஒரு பழக்கம் போதும். பணம் கையை விட்டுப் போகுமுன், கையெழுத்துப் பேனாவை விட்டு இறங்குமுன், ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

"உத்தேசமாக எவ்வளவு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள்!